பேச்சை எழுத்தாக்கும் ஏஐ செயலிகள்: நெல்லைச் சீமையிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

மகளிர் குழுவின் மாதக் கூட்டம், பாசன சங்கக் கூட்டம், வக்கீல் ஆபீஸில் கட்சிக்காரர் சொல்லும் விவரம், ஆய்வு மாணவர் எடுக்கும் பேட்டி என்று, பேசியதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டிய இடமெல்லாம் இப்போது போனை நடுவில் வைத்துவிட்டு 'ஏஐ எழுதிக்கிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். எழுதத்தான் செய்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சங்கடம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

இந்தச் செயலி உள்ளே என்னதான் செய்கிறது?

மூன்று வேலைகள் செய்கிறது. ஒலியைக் கேட்டு எழுத்தாக மாற்றுவது முதல் வேலை. எந்த வரியை யார் பேசினார் என்று குரலை வைத்துப் பிரிப்பது இரண்டாவது. அந்த எழுத்தைப் படித்து 'கூட்டக் குறிப்பு' என்று சுருக்கம் போடுவது மூன்றாவது. பெரும்பாலும் மூன்றையும் வெவ்வேறு மாதிரிகள் (மாடல், அதாவது பழக்கிவைத்த ஏஐ நிரல்) செய்கின்றன. செயலி அவற்றை ஒரே திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைப் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. முதல் வேலையில் விழுந்த பிழை கண்ணுக்குத் தெரியும். சொல் பொருந்தாமல் நிற்கும், வாசிக்கிறவருக்கு உறுத்தும். மூன்றாவது வேலை அதே பிழையை வாங்கி, அழகான வாக்கியமாகத் தேய்த்து மெழுகித் தந்துவிடும். அப்புறம் பிழை இருந்த தடமே தெரியாது. ஆகவே சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழு எழுத்தைப் பார்க்காமல் விடுவதுதான் இந்தச் செயலிகளைப் பயன்படுத்துவதில் நடக்கும் பெரிய தவறு.

நம்ம ஊர்ப் பேச்சு அதற்குப் புரியுமா?

பாதி புரியும். இந்த மாதிரிகள் பழகிய தமிழ், பெரும்பாலும் செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, இணைய வீடியோ ஆகியவற்றின் தமிழ். நெல்லைப் பேச்சு அதில் குறைவு. கீழே ஓர் உதாரணம். பாசனக் கூட்டத்தில் ஒருவர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"அண்ணாச்சி, இப்பம் கீழக்கால்ல தண்ணி வரல. பிசானத்துக்கு நாத்துப் பாவ முடியல. என்ஜினியரு வந்து பாத்துட்டுப் போனாவ. பொறவு ஒண்ணும் சொல்லல."

செயலி எழுதித் தருவது இந்தப் போக்கில் இருக்கும்:

"அண்ணாச்சி அப்பம் கீழ காலில் தண்ணி வரல. விசாரணைக்கு நாத்து பாவம் முடியல. என்ஜினியர் வந்து பார்த்துட்டு போனா பிறகு ஒன்னும் சொல்லல."

ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'இப்பம்', 'அப்பம்' என்று காலத்தைச் சொல்வது நம் பக்கத்து வழக்கு. செயலிக்கு அப்பம் என்றால் தின்கிற அப்பம்தான். மருதூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் கீழக்கால் என்பது வாய்க்காலின் பெயர் என்று அதற்குத் தெரியாது. கார், பிசானம் என்ற இரண்டு பூவில் (நெல் சாகுபடிப் பருவத்தில்) 'கார்' மோட்டார் காராகிவிடும், 'பிசானம்' காதில் விழுந்த ஏதோ ஒரு பழக்கமான சொல்லாகிவிடும். நாற்றுப் பாவுவது, அதாவது நாற்றுக்கு விதை தூவுவது, 'பாவம்' ஆயிற்று.

இவற்றையெல்லாம் விட மோசமானது 'போனாவ'. மரியாதைக்காகச் சொல்லும் 'வந்தாவ, போனாவ, சொன்னாவ' என்ற முடிவு செயலியின் காதில் 'போனா' என்று நின்றுபோகிறது. 'போனா' என்றால் 'போனாள்' என்றும் எடுக்கலாம், 'போனால்' என்றும் எடுக்கலாம். பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்பது நடந்த செய்தி. அது 'வந்து பார்த்துவிட்டுப் போனால்' என்று இனி நடக்க வேண்டிய நிபந்தனையாக மாறி, சுருக்கத்தில் 'பொறியாளரின் வருகைக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று வந்து உட்காரும். ஒரு எழுத்து போனதில் வந்த வினை இது.

நிகழ்காலத்திலும் இதே கதை. 'வருதான், செய்யுதான், நிக்கான், கேக்கான்' என்று நாம் சொல்வதை 'வந்தான், செய்தான், நின்றான், கேட்டான்' என்று இறந்தகாலமாக எழுதிவைக்க வாய்ப்புண்டு. 'இருக்கியளா', 'வாரியளா' போன்றவை சிதைந்து வரும். 'வே', 'ஏல' போன்ற விளிகள் பெரும்பாலும் காணாமலே போகும். கூட்டக் குறிப்புக்கு அது நஷ்டமில்லை. வட்டார வழக்கை ஆராய்கிறவருக்கோ பதிவின் உயிரே அதுதான்.

ழகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மாவட்டப் பேச்சில் ழ பல வாய்களில் ளகரமாகத்தான் வருகிறது. 'வாளப்பளம்' என்று சொன்னாலும் செயலி 'வாழைப்பழம்' என்றே எழுதிவிடும், அந்தச் சொல்லை அது பலமுறை பார்த்திருக்கிறது. அதிகம் புழங்காத சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும்தான் ழ, ள, ல குழம்பும்.

'95 சதவீதம் துல்லியம்' என்று போட்டிருக்கிறார்களே?

எந்த மொழியில், எந்தப் பதிவில் என்று கேளுங்கள். அமைதியான அறையில் ஒருவர் வாசித்த ஆங்கிலத்துக்குச் சொன்ன எண், மேலப்பாளையம் சந்தையில் எடுத்த பதிவுக்குப் பொருந்தாது.

அளவுகோலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துல்லியத்தைப் பொதுவாகச் சொற்பிழை விகிதத்தால் அளப்பார்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது தமிழில் ஒரே சொல். அதில் விகுதி மட்டும் தவறினாலும் முழுச் சொல்லும் பிழைக் கணக்கில் சேரும். சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதினாலும் பிழைதான். ஆகவே எண்ணளவில் தமிழ் மோசமாகத் தெரியும், வாசித்தால் அவ்வளவு மோசமாக இருக்காது. மறுபக்கம், பத்துச் சொல்லில் ஒன்றுதான் தவறு என்றாலும் அந்த ஒன்று 'இல்லை' என்ற சொல்லாக இருந்தால் மற்ற ஒன்பதும் வீண். விளம்பர எண்ணை விட்டுவிட்டு, உங்கள் கூட்டத்திலேயே 3 நிமிடம் பதிவு செய்து போட்டுப் பாருங்கள். அதுவே போதுமான சோதனை.

எந்தச் செயலியை எடுப்பது?

வேலையைப் பொறுத்தது. ஒருவர் மட்டும் நிதானமாகச் சொல்லி எழுத வைக்க, ஜிபோர்டு விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சே போதும். கூகுள் டாக்ஸிலும் தமிழ்க் குரல் தட்டச்சு உண்டு. இவை கூட்டத்துக்கு ஆகாது. கொஞ்சம் இடைவெளி விட்டால் நின்றுவிடும், ஒலிப்பதிவும் கையில் மிஞ்சாது. ஒலிப்பதிவு இல்லாத எழுத்தைச் சரிபார்க்க வழியே இல்லை.

காது கேளாதவர்களுக்காக வந்த லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியும் தமிழ் எழுதும். எதிரில் பேசுகிறவர் சொல்வதை அப்போதைக்கப்போது திரையில் படிக்க நல்லது.

முழுக் கூட்டத்துக்கு, முதலில் போனில் சாதாரணமாகப் பதிவு செய்துகொண்டு, அப்புறம் அந்தக் கோப்பைச் செயலியில் ஏற்றுவதே பாதுகாப்பு. நேரடியாகச் செயலியிலேயே பதிவு செய்தால், நெட் போனாலோ செயலி மூடிக்கொண்டாலோ எழுத்தும் போய்விடும், ஒலியும் போய்விடும்.

இப்படிக் கோப்பை வாங்கும் செயலிகள் பலவற்றின் அடியில் ஓடுவது ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரி, அல்லது அதை ஒட்டி வளர்ந்த ஒன்று. இந்திய மொழிகளுக்கென்றே சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் பாஷினி திட்டமும் இருக்கிறது.

காசு கட்டுமுன் நான்கு விஷயம் பாருங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா, ஒவ்வொரு வரிக்கும் நேரக் குறி வருகிறதா, வரியைத் தொட்டால் அந்த இடத்து ஒலி ஓடுகிறதா, எழுத்தை வேர்டு கோப்பாக வெளியே எடுக்கலாமா. மூன்றாவது இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். திருத்தும் வேலை இரட்டிப்பாகும்.

போனை எங்கே வைக்க வேண்டும்?

செயலியை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் போன் வைக்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பதில்லை. அதிக வித்தியாசம் தருவது இதுதான், செலவும் கிடையாது.

பெரும்பாலான போன்களில் முதன்மை மைக், அடியில் சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு துளை. அந்த முனை பேசுகிறவரைப் பார்த்து இருக்க வேண்டும். உறை அதை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்தவெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். 2 மீட்டர் தள்ளியிருப்பதை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். எந்தக் காசு கட்டிய செயலியும் இதைத் தராது.

மேசைமேல் வெறுமனே வைக்காதீர்கள். கை தட்டுவது, டம்ளர் வைப்பது, நோட்டை நகர்த்துவது எல்லாம் பலகை வழியாக ஏறி இடிபோல விழும். ஒரு துண்டை நாலாக மடித்து, அதன்மேல் போனை வையுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். ஃபேனை ஒரு புள்ளி குறைக்கச் சொல்லலாம், ஆனால் சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் அப்படிச் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். அப்போது போனை ஓரமாக நகர்த்துங்கள்.

காற்றடிக்கும் இடம் வேறு ரகம். ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் வெளியில் நின்று எடுத்த பேட்டியை எந்த ஏஐயும் காப்பாற்றாது. காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறார்கள்? மைக் துளையில் காற்று நேரடியாக மோதும் 'பொடபொட' சத்தம் பேச்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு வடிகட்டினாலும் பேச்சும் சேர்ந்து போகும். சுவர் மறைவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் பஞ்சுத் தொப்பி போட்ட காலர் மைக்கைச் சட்டைக்குள் பக்கமாகக் குத்துங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே எடுத்ததும் அப்படியே.

குழாய் ஸ்பீக்கர் கட்டிய கூட்டமா? ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைக்காதீர்கள், அங்கே எதிரொலியும் கரகரப்பும்தான் கிடைக்கும். ஒலிபெருக்கிக்காரரிடம் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் கேளுங்கள். அது முடியாவிட்டால் மேடை மைக் ஸ்டாண்டிலேயே போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள்.

பாதியில் பதிவு நின்றுபோகிறதே?

மூன்று காரணம். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நிற்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள். பேட்டரி சேமிப்பு, திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும்; அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, இடம் நிறைந்துபோவது. பெரிய கூட்டத்துக்கு இரண்டாவது போன் ஒன்றையும் ஓட விடுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு டேட்டா?

16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ அளவில் சுருக்காத வேவ் கோப்பு மணிக்கு சுமார் 115 எம்பி. அதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சுருக்கினால் சுமார் 29 எம்பி. 32 கேபிபிஎஸ் என்றால் 14 எம்பி சொச்சம், பேச்சு கொஞ்சம் தேயும். 64-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். களக்காடு மேற்கே, மலையடி ஊர்களில் டவர் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் 29 எம்பி ஏறிவிடும்.

இதற்கு மேல் தரத்தைக் கூட்டி லாபமில்லை. விஸ்பர் எந்தக் கோப்பையும் 16 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிட்டுத்தான் கேட்கிறது. ஸ்டூடியோ தரத்தில் பதிவு செய்தால் இடம்தான் வீண்.

வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி ஏற்கெனவே நன்றாகச் சுருங்கியது. அதை எழுத்தாக்கலாம், ஆனால் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்யாதீர்கள். கோப்பையே பகிர்ந்து செயலியில் ஏற்றுங்கள். உங்கள் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

யாருமே பேசாத இடத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே, பேய் பேசுதா?

பேயில்லை. விஸ்பர் வகை மாதிரிகள் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்து, 'இதற்கு என்ன எழுத்து வரும்' என்று ஊகிக்கின்றன. துண்டில் பேச்சே இல்லாவிட்டாலும் ஊகம் நிற்காது. இணைய வீடியோக்களின் அடிவரிகளில் பழகியவை என்பதால், மௌனத்தில் 'நன்றி', 'வணக்கம்', 'சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' போன்ற வரிகள் முளைக்கும். ஒரே வரி பத்துத் தடவை திரும்பத் திரும்ப வருவதும் இந்த நோய்தான். டீ குடிக்க எழுந்துபோன பத்து நிமிடத்தில், தலைவர் நன்றியுரை ஆற்றியதாகக் குறிப்பு வந்தால் காரணம் புரிந்துகொள்ளுங்கள்.

மருந்து எளிது. இடைவேளையில் பதிவை நிறுத்துங்கள். நிறுத்த மறந்தால் ஏற்றுமுன் அந்தப் பகுதியை வெட்டுங்கள். பேச்சு இருக்கும் இடத்தை மட்டும் கண்டறியும் வசதி செயலியில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

தமிழில் பேசினோம், ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. ஏன்?

மொழியைத் 'தானாகக் கண்டுபிடி' என்று விட்டிருப்பீர்கள். பல செயலிகள் முதல் 30 விநாடியைக் கேட்டே மொழியை முடிவு செய்கின்றன. அந்த நேரத்தில் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று ஓடியிருந்தால் முழுக் கூட்டமும் ஆங்கிலமாகிவிடும். மொழியை நீங்களே தமிழ் என்று வையுங்கள். இன்னொன்று, 'மொழிபெயர்' என்ற பொத்தான் தெரியாமல் இயங்கியிருக்கலாம். விஸ்பரில் எழுத்தாக்கம் ஒரு வேலை, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது தனி வேலை.

நாம் கலந்து பேசும் 'லோன், டியூ, பட்டா டிரான்ஸ்ஃபர்' எல்லாம் தமிழ் எழுத்தில் வருமா, ஆங்கில எழுத்தில் வருமா என்பது செயலிக்குச் செயலி மாறும். ஒரே கோப்பில் இரண்டும் வரும். தேடி மாற்றும் வசதியால் கடைசியில் ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

எண்கள் தவறாக வருகின்றன. என்ன செய்யலாம்?

குழுக் கணக்கில் இதுதான் வம்பு. நம் வாயில் 'அம்பது'வும் 'எம்பது'வும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். 'இருவது', 'அறுவது' அப்படியே. 'ஒண்ணே முக்கா லட்சம்' என்றால் 1,75,000. செயலி '1 முக்கால் லட்சம்' என்றோ, முக்காலை விழுங்கி '1 லட்சம்' என்றோ எழுதலாம். 'நூத்திப் பதினெட்டு' என்பது '100 18' என்று பிரிந்து வரலாம். எண்ணில் காற்புள்ளியும் மேல்நாட்டு முறையில் 175,000 என்று விழும்.

கூட்டத்திலேயே செய்யக்கூடியது: தொகை முடிவானதும் எழுதுகிறவர் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், இலக்கமாகவும் சேர்த்து. "அம்பதாயிரம், அஞ்சு சைபர் சைபர் சைபர் சைபர்." பதிவில் இரண்டு தடவை வந்தால் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

திருத்தும்போது துணைக்கு வருவது உங்கள் ஊரறிவு. மணிமுத்தாறு அணையின் உச்ச நீர்மட்டம் 118 அடி, பாபநாசம் 143, சேர்வலாறு 156. குறிப்பில் 'மணிமுத்தாறு 128 அடி' என்று வந்தால் ஒலியைக் கேட்காமலே பிழை என்று தெரியும். 'கோட்டை' என்று வரும் இடத்தில் நெல் அளவா, ஊர்ப் பெயரா என்று பாருங்கள். நம் கணக்கில் 21 மரக்கால் ஒரு கோட்டை. சுருக்கம் போடும் ஏஐ அதைக் கற்கோட்டை என்று நினைத்து 'கோட்டை குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதத் தயங்காது.

ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை அதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

'சிறப்புச் சொற்கள்' அல்லது 'சொல்லகராதி' என்ற இடம் செயலியில் இருந்தால், கூட்டத்துக்கு முன் அங்கே போட்டுவிடுங்கள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், நதியுண்ணி, சுத்தமல்லி, காருக்குறிச்சி, பத்தமடை, பிசானம், நாற்றங்கால் என்று அன்றைக்குப் பேச்சில் வரப்போகிற சொற்களை மட்டும்.

ஆசைப்பட்டு இருநூறு சொல் போடாதீர்கள். விஸ்பரில் இந்தச் சொற்கள் முன்குறிப்பாகப் போகும், அதற்கு 224 துணுக்குகள்தான் இடம். துணுக்கு (டோக்கன்) என்பது மாதிரி சொல்லை உடைத்துப் படிக்கும் சிறு துண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் ஒன்றிரண்டு துணுக்கில் அடங்கும், தமிழ்ச் சொல்லோ பல துணுக்குகளாக உடைகிறது. ஆகவே இருபது சொல்லைத் தாண்டினாலே இடம் நெருங்கிவிடும். மிஞ்சினால் வெட்டுப்படுவது முன்னால் உள்ளவை. முக்கியமான பெயர்களைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

சேரன்மகாதேவியை 'சேர்மாதேவி' என்றும், அம்பாசமுத்திரத்தை 'அம்பை' என்றும், பாளையங்கோட்டையைப் 'பாளை' என்றும்தான் பேசுவோம். பேசுகிற வடிவத்தைப் பட்டியலில் கொடுங்கள், குறிப்பில் முழுப் பெயராகப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஒரே செயலி ஒரே பெயரில் செய்யும் பிழை பெரும்பாலும் மாறாது. அதனால் 'தவறு–சரி' என்று இரண்டு பத்தி நோட்டு ஒன்று வைத்திருந்தால் நாலாவது கூட்டத்துக்குள் திருத்தும் நேரம் நன்றாகக் குறையும்.

யார் பேசியது என்று சரியாகப் பிரிக்குமா?

இரண்டு மூன்று பேர், ஒருவர் முடித்து ஒருவர் பேசினால் ஓரளவு பிரிக்கும். பத்துப் பேர் ஒரே மூச்சில் பேசினால் பிரிக்காது, அந்த இடத்தில் எழுத்தே குழம்பும். ஒரே வயதுப் பெண்கள் இருக்கும் குழுவில் இரண்டு குரலை ஒன்றாக்கிவிடுவதும், ஒருவரே குரலை உயர்த்தினால் அவரை இரண்டு ஆளாக்குவதும் சகஜம்.

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசட்டும். 'பேச்சாளர் 3' யார் என்று பின்னால் பொருத்த அது உதவும். எதிர்ப்புத் தெரிவித்தவர், பணம் தருவதாக ஒப்புக்கொண்டவர் பெயர்களை மட்டும் ஒலியைக் கேட்காமல் எழுதவே கூடாது. ஊரில் சண்டை வருவது அங்கேதான்.

சுருக்கத்தை அப்படியே தீர்மான நோட்டில் எழுதலாமா?

கூடாது. சுருக்கம் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவை. யோசனையை முடிவாக்கும்: 'ஊருணியைத் தூர் வாரலாமே' என்று ஒருவர் சொன்னது 'தூர் வார முடிவு செய்யப்பட்டது' என்று வரும். எதிர்மறையை விழுங்கும்: தமிழில் 'இல்லை'யும் 'மாட்டோம்'உம் வாக்கியத்தின் வாலில் இருக்கின்றன. 'குடுக்கலாம்னு சொல்லல' என்பதில் கடைசி 'ல' ஒன்று தேய்ந்தால் பொருள் தலைகீழ். கிண்டல் அதற்குத் தெரியாது. "ஆமா, போன வருஷமே போட்டுக் கிழிச்சிட்டாவ" என்று ஒருவர் சொன்னால், போன வருடம் சாலை போடப்பட்டதாக எழுதிவைக்கும்.

பொறுப்பான சுருக்கம் வேண்டுமென்றால் கட்டளையை இறுக்கமாகக் கொடுங்கள். இப்படி:

"கீழே உள்ள பேச்சில் எல்லாரும் ஒப்புக்கொண்டு முடிவானவற்றை மட்டும் முதலில் எழுது. யோசனையாக மட்டும் வந்தவற்றைத் தனியே எழுது. ஒவ்வொன்றுக்கும் நேரக் குறி போடு. பேச்சில் இல்லாத பெயர், தேதி, தொகை எதையும் சேர்க்காதே. புரியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று எழுது."

நேரக் குறி கேட்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வொரு முடிவுக்கும் அந்த இடத்து ஒலியை அரை நிமிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். ஐந்து தீர்மானம் என்றால் சில நிமிட வேலை.

கிராம சபை போன்றவற்றில் ஆவணம் என்பது பதிவேடும் கையெழுத்தும்தான். செயலியின் எழுத்து, பதிவேட்டை எழுதுகிறவருக்கு நினைவூட்டும் தாள் மட்டும்.

திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?

நல்ல பதிவென்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இரைச்சல் பதிவென்றால் மூன்று, நான்கு. குறிப்பு மட்டும் போதும் என்றால் முழுவதையும் திருத்த வேண்டாம். முதல் சுற்றில் பெயர்கள், இரண்டாம் சுற்றில் எண்களும் தேதிகளும், மூன்றாவதில் 'ல, இல்ல, மாட்டோம், வேண்டாம்' என்று முடியும் வரிகள். ஒலி வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் வேகமாகப் பேசுகிறவர்கள் தெளிவார்கள். தூங்கி வழிகிற உரைக்கு 1.5 வரை கூட்டலாம்.

நெட் இல்லாமல், நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாமா?

ஓட்டலாம். விஸ்பர் இலவசம், பல அளவுகளில் கிடைக்கிறது. 'ஸ்மால்' மாதிரி சுமார் அரை ஜிபி, 'மீடியம்' ஒன்றரை ஜிபி, 'லார்ஜ்' ஏறக்குறைய 3 ஜிபி. ஆங்கிலத்துக்குச் சிறியதே போதும், தமிழுக்குப் போதாது. மீடியத்துக்குக் கீழே இறங்கினால் திருத்துவதைவிட முதலிலிருந்து எழுதுவது சுலபம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் லார்ஜ் மாதிரி, பேச்சு நேரத்தைவிடப் பல மடங்கு எடுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். கட்சிக்காரர் விவரம், மருத்துவப் பேச்சு, குடும்ப வழக்கு போன்றவற்றுக்கு இந்த வழிதான் சரி, ஒலி வீட்டை விட்டு வெளியே போகாது.

சொல்லாமல் பதிவு செய்யலாமா?

வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தெரியாமல் பதிவு செய்தது வெளியே வந்தால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள், அதுவும் பதிவில் விழட்டும்:

"பேசுறத எழுதுறதுக்காக போன்ல பதிவு பண்ணுதோம். நோட்டுல எழுதி முடிச்சதும் அழிச்சிருவோம். யாருக்காவது வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க."

செயலியின் அமைப்புகளில் 'உங்கள் பதிவுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்து வையுங்கள்.

வில்லுப்பாட்டு, ஆச்சிமார் பாட்டு இவற்றை எழுத்தாக்கலாமா?

பாட்டுப் பகுதிக்கு ஆகாது. உடுக்கும் குடமும் வில்மணியும் சேரும்போது சொல் அமுங்கிவிடும், இழுத்துப் பாடும் சொல்லை மாதிரி வேறு சொல்லாக அடுக்கும். கொடை விழாவில் புலவர் கதை சொல்லும் வசனப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் கரட்டு வடிவம் கிடைக்கும். பாட்டைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். வயதானவர்களிடம் பேட்டி எடுப்பவர்களுக்கு ஒன்று: பல் போனவர் பேச்சில் பிழை கூடும். அவர் சொன்னதை நீங்கள் 'என்ன ஆச்சி, மாட்டுவண்டியிலயா போனிய?' என்று தெளிவாகத் திருப்பிக் கேட்டால், உங்கள் வரியிலாவது அந்தச் சொல் சரியாக விழும்.

அச்சகத்தில் கொடுத்தால் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே?

செயலி தருவது யூனிகோடு. சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக் குறியீட்டில் வேலை செய்கிறார்கள். எழுத்துருமாற்றியில் போட்டு மாற்றிக்கொடுங்கள், அல்லது அவர்களையே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றியபின் கொ, கோ, கௌ வரும் இடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுக்காதீர்கள், கொம்புகள் இடம் மாறும். வேர்டு கோப்பே கொடுங்கள்.

பதிவை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்து எல்லாரும் ஒப்புக்கொள்ளும்வரை. அதற்குப் பின் அழித்துவிடுங்கள். போனில் அழித்தால் மட்டும் போதாது. செயலியின் கணக்கில் ஒரு நகல் இருக்கும், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியது ஒவ்வொருவர் போனிலும் இருக்கும், கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள்.